குவைத்துக் கீரை

அன்வர் பாஷா ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். ஸ்டவ்வைப் பற்ற வைத்து டீ போட்டான். ஒரு டம்ளர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். முகம் மழித்தான். பிறகு ஒரு சொம்பு தண்ணீருடன் கொல்லைக்குப் போனான். நீளவாக்கில் அறுத்த மண்ணெண்ணெய் டின்னில் பதினோரு செடிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கை தண்ணீர். முப்பத்தொன்பது நாளாக இதுதான் நடந்துவந்தது.

செடிக்குப் பெயர் ஜிர்ஜீர். குவைத்தில் வேலை பார்க்கும் தாவூது எழுபத்து மூன்றில் லீவுக்குக் காரிமங்கலம் வந்தபோது, தங்கை வஹிதாவுக்கு ஒரு நைலக்ஸ் புடவையும் ஒரு பொட்டலம் விதையும் கொடுத்தான். அங்கே இதைப் பச்சையாகவே ரொட்டியோடு தின்பார்களாம். மார்கழிப் பனியில் வஹிதா விதைத்தாள். நாலாம் நாளே முளைத்தது. செடி ஒரு சாண் வளர்வதற்குள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஐந்தாம் நாள் அடக்கம்.

வஹிதாவின் கணவன் அன்வர் தாவரவியல் படித்தவன், உயர்நிலைப்பள்ளி வாத்தியார். கடுகுக் குடும்பம், நான்கு இதழ்கள், சிலுவை அமைப்பு என்று வருஷா வருஷம் கரும்பலகையில் வரைகிறவன். அந்தக் குடும்பத்துச் செடி ஒன்று கைக்கு வந்தபோது அதை வளர்க்கத் தெரியவில்லை. கீரையென்றால் கிள்ள வேண்டும். கிள்ளக் கிள்ளத்தான் தழையும். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர்களுக்கும் இது தெரியும். அவனுக்குக் கிள்ளக் கை வரவில்லை. மாசி வெயில் பட்டதும் ஒவ்வொன்றும் முழங்கால் உயரத்துக்குத் தண்டு விட்டு, ஊதா நரம்பு ஓடிய வெளிறிய பூக்களாகப் பூத்து நின்றது.

பக்கத்து வீட்டு நஞ்சம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏனுங்க சாரு, கெழங்கு எப்பப் புடுங்கறீங்க?"

"முள்ளங்கி இல்லீங்க. கீரை."

"கீரையா! திங்கறதுக்கு முன்னாடியே கெழடு தட்டிப்போச்சே. எங்க ஆட்டுக்காவது போடுங்க. வாத்தியார் வூட்டுக் கீரைன்னு அது மொகஞ்சுளிக்காது."

அவன் கவலை காயைப் பற்றியது. பூ உதிர்ந்த இடத்தில் பச்சைக் காய்கள் பிடித்திருந்தன. காய்ந்து வெடிக்க இன்னும் இருபது நாளாகும். பொட்டலத்தில் விதை ஒன்றுகூட மிச்சமில்லை. தாவூதுக்கு அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. ஆனால் அவன் எழுதும் ஒவ்வொரு கடிதமும் ஒரே கேள்வியில்தான் முடியும்: தங்கச்சி போட்ட கீரை இருக்கிறதா? இருக்கிறது என்று அன்வர் பதில் எழுதுவான். தங்கை போன பிறகு தாவூது வேறெதையும் கேட்பதில்லை. இந்தக் காய்கள் முற்றாவிட்டால் அந்தப் பதிலும் பொய்யாகிவிடும்.

மறுநாள் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா, வஹிதாவுக்காக ஓதி நாலு பேருக்குச் சோறு போடும் நாள். கடத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் ஜான் பீ வந்து இறங்கினார். வஹிதாவின் அம்மாவுடன் பிறந்த சகோதரி. அன்வரும் அவரைக் காலா என்றுதான் கூப்பிடுவான். வந்ததும் சமையலை அவர் எடுத்துக்கொண்டார். அன்வர் பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்தை ஓத வரச் சொல்லிவிட்டுத் திரும்பினான். டின்னில் பதினோரு கட்டைகள் இருந்தன. இலை, தண்டு, பூ, காய் எல்லாம் அடுப்பில் பருப்போடு கொதித்துக்கொண்டிருந்தன.

"காலா, அதை ஏன் அறுத்தீங்க?"

"பூத்து வீணா நின்னுது. புள்ள ஆசைப்பட்டுப் போட்டது. நாலு பேரு வாயில பட்டா அவளுக்கு நன்மை." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரில என் கையப் புடிச்சுக்கிட்டு அவளேதான் சொன்னா அன்வரு. 'காலா, என் கீரைய எல்லாருக்கும் குடுங்க'ன்னு. அதான் கடைசிப் பேச்சு."

ஜான் பீ ஆஸ்பத்திரிக்கு வந்ததே இல்லை. அடக்கத்துக்கு வந்தார், அதுவும் எல்லாம் முடிந்த பிறகு.

சோறு பரிமாறுவதற்குள் கடைசிப் பேச்சு வீடு முழுக்கப் பரவியிருந்தது. முதல் கவளத்தில் ஒருவர், "கசக்குதே" என்றார். "கசந்தா ஈரலுக்கு நல்லது" என்றார் அடுத்தவர். இரண்டாவது கரண்டி விழுந்தபோது அது அரபு தேசத்து மருந்தாகியிருந்தது. சிலர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நஞ்சம்மாள் தனக்குக் கொடுத்ததை ஆட்டுக்கு வைத்தாள். அது மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது.

அன்வர் அந்தக் கீரையை அன்றுதான் முதன்முதலாகத் தின்றான். நார் நாராக இருந்தது. மூக்கு வரை காரம் ஏறியது. தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

"உங்ககிட்ட என்ன அன்வரு சொன்னா, கடைசியா?" என்று ஜான் பீ கேட்டார். சாப்பிட்டவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"அதேதான், காலா."

எல்லோருக்கும் நிம்மதி. மறுபடி கை நனைந்தது. இனி தாவூதுக்கு என்ன எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் மத்தியானம் வஹிதாவின் பக்கத்தில் அவன் மட்டும்தான் இருந்தான். அவள் கண்ணைத் திறந்து, குவைத்துக்குக் கேட்டுவிடும் என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என்னங்க, அந்தக் கீரையப் புடுங்கிக் கடாசிட்டுக் கொத்தமல்லி போடுங்க. எனக்கு அது புடிக்கவே இல்லீங்க. அண்ணங்கிட்டச் சொல்லிடாதீங்க."