ஏர் திரும்பாத நிலம்

வியாபாரம் என்றால் அப்பாதுரையைக் கேட்க வேண்டும் என்று முசரவாக்கத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்ட அப்பாதுரை நான்தான். யாராவது பெட்டிக்கடை போடப் போகிறேன் என்றால், ஓடும் ஓடாது என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொல்வேன். நான் வளர்த்த கோழிகள் கழிச்சல் நோயில் போனதையும், தவிட்டு வியாபாரத்தை எலி தின்றதையும் ஊரார் மரியாதைக்காக மறந்திருந்தார்கள். என் மனைவி அலமு மட்டும் மறக்கவில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் என் தங்கை செல்லியம்மாள் புருஷனை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த மறுமாதமே கூடையைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரத்துக்குக் கீரை விற்கக் கிளம்பிவிட்டாள். அண்ணி வடிக்கிற சோறு அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. சொந்தமாக ஒரு பிழைப்பு, தனியாக ஒரு அடுப்பு, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்கும் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது ஒரே ஒரு தடவைதான்.

மறுவருஷம், ஐப்பசி அடைமழை. ஏரி நிரம்பிக் கோடி போகும் போல இருந்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடையோடு நனைந்து வந்த செல்லி தலையைத் துவட்டாமலேயே பேச ஆரம்பித்தாள். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறியெல்லாம் நிற்கிறதாம். சேலையின் நீளவாட்டுப் பட்டு இழைகளை, அதாவது பாவு நூலை, தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைத்தால்தான் தறியில் ஏற்ற முடியும்; மழை விட்டால்தானே தெருவில் கட்டுவது? தை மாதக் கல்யாணத்துக்குச் சேலை கேட்டு ஆள்மேல் ஆள் வருகிற நேரத்தில், பத்து நாளாக நெசவாளர்கள் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்களாம்.

"வாய்க்கா ஓரத்து நெலம் சும்மாதானே கெடக்குது," என்றாள். "நீளமா ஒரு கூரை போட்டா மழையிலயும் பாவு கட்டலாம்ணா. பாவுக்கு இவ்ளோன்னு வாடகை தர்றேன்றாங்க, நானே கேட்டுக்கினு வந்தேன். என் கம்மலை வித்து தென்னங்கீத்து வாங்கிக்கிறேன். எடம் மட்டும் நீ குடு."

அந்த நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளையார்பாளையத்தை ஒட்டி, வாய்க்கால் கரையில் அப்பா விட்டுப்போனது. அகலம் பதினைந்து அடி. நீளம் கூப்பிடு தூரம். ஏர் கட்டினால் மாட்டைத் திருப்ப இடம் கிடையாது. ஏர் திரும்பாத நிலத்தை நிலம் என்று நான் ஒத்துக்கொண்டதே இல்லை.

எனக்கு வந்தது கோபம். மழை வேண்டி அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம் எங்களுடையது. மழை பெய்து ஒருவனுக்கு நஷ்டம் வரும் என்பதே என் புத்தியில் ஏறவில்லை. மழை வேண்டாம் என்கிறவனை நம்பியா பிழைப்பு வைப்பது என்று கத்தினேன். செல்லி தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போனாள். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் தேவலை. மறுநாள் டீக்கடையில் அதை வேடிக்கைக் கதையாக அவிழ்த்துவிட்டேன். வானத்துக்கே மூடி போடப் போகிறாளாம் என் தங்கை என்றதும் பெஞ்சு குலுங்கியது. கீற்று வியாபாரி பரசுராமன் மட்டும் சிரிக்கவில்லை. நிலம் எவ்வளவு நீளம், வாய்க்கால் பெருகினால் தண்ணீர் ஏறுமா என்று இரண்டே கேள்வி கேட்டான். மூன்றாம் நாள் வீடு தேடி வந்து, நிலத்துக்கு மாற்றாகத் தன்னிடம் இருந்த சோடா மிஷினைத் தருவதாகச் சொன்னான். இளிச்சவாயன் ஒருவன் அகப்பட்டான் என்று உடனே ஒத்துக்கொண்டேன். செல்லியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஐப்பசியில் சோடா குடிக்கிறவன் எவன் என்று அலமு கேட்ட பிறகுதான் யோசித்தேன். அதற்குள் பரசுராமனின் ஆட்கள் வாய்க்கால் கரையில் கொட்டகைக்குக் கம்பு நட்டுவிட்டார்கள்.

அடுத்த மழைக்கு அந்தக் கொட்டகையில் இடம் பிடிக்க நெசவாளர்கள் விடியுமுன்பே வந்து நின்றார்கள். வியாபாரம் தேடி வேலூர், மெட்ராஸ் என்று பஸ் ஏறி அலைந்தவன் நான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். இதையாவது எனக்குள் வைத்துப் புழுங்கலாம். ஆனால் செல்லி அந்தக் கொட்டகைக்கே கூலிக்குப் போனாள். ஏழு வருஷம் போனாள். தனி அடுப்பு கேட்டவள் இன்னொருவன் அடுப்பில் பாவுக்குக் கஞ்சி காய்ச்சினாள். இரவுக்கு என் வீட்டில்தான் சாப்பிட்டாள். என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அந்த யோசனையை ஊருக்குள் போட்டு உடைத்தவன் நான் என்பது அவளுக்குத் தெரியாததால்தான் சொல்லவில்லை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எனக்கு வசதியாகவும் இருந்தது.

எழுபத்தாறு ஐப்பசியில் ஒருநாள் அவள் சாப்பாட்டுத் தூக்கை மறந்துபோய்விட, அலமு என்னிடம் கொடுத்தனுப்பினாள். ஏழு வருஷத்தில் அந்தப் பக்கம் நான் போனது அன்றுதான். கூரைக்கு வெளியே நல்ல மழை. உள்ளே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அரக்கு நிறப் பாவு, ஒரு சொட்டு விழாமல் காய்ந்துகொண்டிருந்தது. செல்லி கஞ்சிப் பானையை இறக்கி வைத்துவிட்டு ஓரத்துக்கு வந்தாள். கையெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. அதைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை. பரசுராமனுக்கு இதைச் சொன்னவன் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்ணா," என்றாள். "வேலை கேக்க வந்த அன்னிக்கே அவரு சொன்னாரு, உங்கண்ணன் சொல்லித்தான் போட்டேன்னு. நீ சிரிச்சிக்கினு சொல்லியிருப்பன்னு நானா நெனச்சிக்கினேன்."

தூக்கை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

"நனையாத. உள்ள வந்து நில்லுண்ணா."

அவள் போட்டிருக்க வேண்டிய கூரை அது. அதற்குள் கால் வைக்க என்னால் முடியவில்லை. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, மழையிலேயே நின்றேன்.