நீலக் கொக்குப் பெட்டி

சாவின் முன்னால் எல்லோரும் சமம். விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் லூதரன் தேவாலயம் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் சொல்லி வருகிறது. ஆனாலும் ஆர்விட் ஹால்வர்சனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த நல்ல இடத்தை ஒரு நன்கொடைப் பெட்டி பிடித்துக்கொண்டுவிட்டது. அவருடைய புகைப்படம் தூணுக்குப் பின்னால் போய்விட்டது.

மகள் நோரீன் அப்பாவின் டையை நேராக்கிக்கொண்டிருந்தாள். ஆயுசையெல்லாம் மாட்டுத் தொழுவத்தில் கழித்தவருக்கு டை ஒரு பக்கமாகத்தான் ஒதுங்கும். இப்போதும் ஒதுங்கியது.

நன்கொடைப் பெட்டி வந்தது தம்பி டேலால். இரங்கல் செய்தியின் கடைசியில், பூக்களுக்குப் பதிலாக இன்ன அமைப்புக்கு நன்கொடை கொடுங்கள் என்று ஒரு வரி போடுவது வழக்கம். அப்பாவுக்கு ஊர் ஆறு என்றால் உயிர். டேல் இணையத்தில் தேடினான். 'தெளிந்த ஆற்றின் நண்பர்கள்' என்ற பெயர் பிடித்துப்போயிற்று. அவர்கள் மறுநாளே பெட்டியும் உறைகளும் அனுப்பிவைத்து, நேரில் ஆளும் வருவார் என்றார்கள். இவ்வளவு அக்கறையான நண்பர்கள் அப்பாவுக்கு உயிரோடு இருந்தபோது வாய்க்கவில்லை.

உருளைக்கிழங்கு சாலட்டோடு வந்த வெர்னா அத்தை, பெட்டியில் வரைந்திருந்த நீலக் கொக்கைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இது உங்கப்பன் ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கிற கொக்குல்ல?"

நோரீனின் கை டையிலேயே நின்றது. காலையில் பால் எடுக்கும்போது அந்தக் கொக்கு போட்ட பழைய நோட்டீஸை அவளும் பார்த்திருந்தாள். ஆற்றுக்கு மேலே மணல் குவாரி வரக் கூடாது என்று அப்பா முன்பு மாவட்ட சபைத் தேர்தலில் நின்றார். ஓட்டுக்கு முந்தைய வாரம் வீட்டுக்கு வீடு நோட்டீஸ் வந்தது. அப்பாவின் படம், கீழே 'இவர் ஜெயித்தால் உங்கள் கிணற்றுக்குப் பூட்டு', மூலையில் இதே கொக்கு. தோற்றார். குவாரி வந்தது. அதன்பிறகு ஊர்க்காரர்கள் கூடிப் பேசும் பெட்ரோல் பங்க் காபி மேசையில் அவர் போகும்போதெல்லாம் நாற்காலி காலியில்லை. அச்சடிக்கப் பணம் கொடுத்தது யார் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அமைப்பின் ஆளாக மாநிலத் தலைநகரிலிருந்து ப்ரூயிட் என்பவர் வந்தார். நல்ல கோட்டு, துக்கமும் அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. அப்பாவை இயற்கையின் காவலர் என்றார். நோரீன் அவரைத் தூணோரம் அழைத்துப் போனாள்.

"அந்த நோட்டீஸுக்குப் பணம் குடுத்தது யாரு?"

"ஒரு அறக்கட்டளைங்க."

"அதுக்கு?"

"இன்னொரு அறக்கட்டளை. அதுக்கு மேல எனக்கே தெரியாது. சட்டப்படி தெரியணும்னும் இல்ல. நல்லது செய்றவங்க பேரை வெளியில சொல்லிக்க மாட்டாங்க மேடம். அது ஒரு அடக்கம்."

"எங்கப்பா பேரை மட்டும் ஊரெல்லாம் அச்சடிச்சுப் போட்டீங்களே?"

ப்ரூயிட் தலை குனிந்தார். சாலட் நன்றாக இருப்பதாகச் சொன்னார். அவருக்கும் ஒரு தட்டு கொடுத்திருந்தார்கள்.

நோரீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். டேல் பின்னாலேயே ஓடி வந்தான்.

"எல்லாரும் பார்க்கிறாங்க நோரீன். பேரு நல்லாருந்துச்சு, அவ்வளவுதான். எனக்கென்ன தெரியும்?"

"பேரு நல்லா இருக்கணும்னுதான் அந்தப் பேரு வச்சிருக்காங்க. அப்பாவைப் புதைக்கப் போறோம்டா. அவர் பேர்ல ஒரு சென்ட்கூட இவங்களுக்குப் போகக் கூடாது. பணம் போட்டவங்க கையிலயே திருப்பிக் குடுக்கப் போறேன்."

வெளியே ஆர்கன் இசை தொடங்கிவிட்டது. அவள் ரொட்டிக் கத்தியால் மூடியை நெம்பித் திறந்தாள்.

ஊரில் ஒருவரும் போட்டிருக்கவில்லை. உள்ளே ஒரே ஒரு உறை கிடந்தது. காலையில் முதல் ஆளாக வந்து அவளே போட்டது. மேலே அவளுடைய முழுப் பெயரும் எழுதியிருந்தது.