வரிசையில் நின்ற மெயில்

போனை எடுத்தாலே சண்டை என்று ஆகிவிட்டதால், இனி மெயிலில் மட்டும் பேசிக்கொள்வது என்று எழிலும் அவள் கணவன் விமல்ராஜும் முடிவு செய்திருந்தார்கள். போனில் வாய் நீண்டுவிடுகிறது, எழுதினால் யோசித்து எழுதுவோம் என்று சொன்னது விமல்தான். அவனுக்கு மஸ்கட்டில் வேலை. அவளுக்குச் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், ஒரு விடுதியின் ஆபீஸில்.

யோசித்து எழுதியதில்தான் வினை வந்தது. முந்தாநாள் காலை எழில் யோசித்து யோசித்து எழுதி அனுப்பிவிட்டாள். கடைசி வரி, ‘பிரிந்துவிடலாம்.’

இன்று விமல் பெட்டியோடு விடுதி வாசலில் நின்றான்.

அத்தனையும் படித்துவிட்டா ஓடி வந்திருக்கிறான்? எழில் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

“இளைச்சிட்டீங்க.”

“என் சமையல் அப்படி.” சிரித்தான். “என்ன இப்படிப் பாக்கற? லீவு கெடச்சிட்டுது, வர்றேன்னு மெயில் போட்டேனே. வரலயா?”

லீவு கிடைத்துத்தான் வந்திருக்கிறான். அப்படியானால் அவன் படிக்கவில்லை.

உள்ளே இன்டர்நெட் லைனைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் கலையரசன் தலையை நீட்டினான். “எப்படிண்ணா வரும்? கடலுக்கடியில மெயின் கேபிளே அறுந்து கெடக்குது. அங்கேர்ந்து எதுவும் வரல, இங்கேர்ந்து எதுவும் போகல. தியானம் பண்ண வந்தவங்கல்லாம் நெட் எப்ப வரும்னு என் உசுர எடுக்கறாங்க.”

விமல் முகம் கழுவப் போனதும் எழில் தணிந்த குரலில் கேட்டாள். “முந்தாநாள் நான் அனுப்புனது?”

“நம்ம சர்வர்லயே வரிசையில நிக்குதுக்கா. லைன் வந்தா தானா போயிடும். வேணாம்னா சொல்லுங்க, இப்பவே எடுத்துடறேன்.”

எடுத்துவிட்டால் தீர்ந்தது. அவன்தான் வந்துவிட்டானே, சிரிக்கிறானே. ஆனால் அந்த மெயிலில் கடைசி வரி மட்டுமா இருந்தது? கரு கலைந்து, கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டுச் சுவரைப் பார்த்தபடி அவள் படுத்துக்கிடந்த நாட்கள் இருந்தன. ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்று அவன் எழுதிய ஒற்றை வரி இருந்தது. அதற்குப் பிறகு அதைப்பற்றி அவன் வாயே திறக்கவில்லை என்பதும் இருந்தது. இன்று அழித்துவிட்டால் ஆயுசுக்கும் அவள் சொல்லப்போவதில்லை.

“இருக்கட்டும் கலை,” என்றாள்.

விமல் வந்ததும் தன் நாற்காலியில் அவனை உட்காரவைத்து மெயிலைத் திறந்தாள். கலையரசன் குறிப்பறிந்து டீ குடிக்கக் கிளம்பிவிட்டான்.

“உங்களுக்கு எழுதுனது. இன்னும் வந்து சேரல. நான் பக்கத்துல இருக்கறப்பவே படிச்சிடுங்க.”

கடைசி வரிவரை போனவன் மறுபடி மேலே வந்தான். கம்ப்யூட்டர் திரை இருண்டது. தட்டி எழுப்பி இன்னொரு முறை படித்தான்.

“அன்னிக்கு எழுதி எழுதி அழிச்சேன், எழில். எத எழுதினாலும் கம்மியா தெரிஞ்சுது.”

“யாருங்க எழுதச் சொன்னது? போன் பண்ணி அழுதிருக்கலாமே. எனக்குக் கேட்டிருக்கும்.”

அவன் தோள்கள் குலுங்கின. அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு அருகில் உட்கார்ந்தாள். “இந்த மெயில எடுத்துடச் சொல்லட்டுமா?” என்று கேட்டாள்.

“வேணாம், வரட்டும். நீ பட்டது என்கிட்ட இருக்கட்டும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “பதில் மட்டும் எழுத மாட்டேன்.”

கரு கலைந்த செய்தி வந்த அன்று தான் எங்கே நின்றுகொண்டிருந்தான் என்பதிலிருந்து அவன் சொல்லத் தொடங்கினான்.