ஆமை நண்டுக்குச் சொன்னது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை, பக்கத்துக் கணினித் திரையை எட்டிப் பார்த்து எடுத்தேன். கெட்ட பழக்கம்தான். எழுதுகிறவனுக்கு அதைவிட்டால் வேறு என்ன மூலதனம்?

தொடக்கம்தான் சரிவரவில்லை.

“அன்று வவுனியாவில் நல்ல மழை.” [பெய்யவில்லை. அடித்தாயிற்று.]

“ஞானேஸ்வரி எதையும் சந்தேகப்படுகிற...” [அப்போது சந்தேகப்படாதவர் யார்? இதுவும் வேண்டாம்.]

“ஏ-ஒன்பது வீதி திறந்திருந்தது. எப்போது சாத்துவார்கள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.” இது பொய்யில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

இரண்டாயிரத்து ஆறின் தொடக்கம். ஞானேஸ்வரி அந்த வீதியின் சோதனைச்சாவடிகளுக்கு அப்பால், அக்கராயனில் முன்பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்குப் படக்கதை தேடி பஸ் ஏறி வவுனியாவுக்கு வந்து, றிஃபாத்தின் இன்ரர்நெற் கடையில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். றிஃபாத் எல்லாத் திரைகளையும் வாசலுக்குத் தெரியும்படி திருப்பி வைத்திருந்தான். “ஒளிச்சு வச்சாத்தானே கேள்வி வரும்” என்பான். மடியில் கனமில்லாதவனுக்கும் வழியில் பயம் இருந்த காலம்.

தமிழ் எழுத்து முதலில் பெட்டி பெட்டியாகத் தெரிந்தது. றிஃபாத் எழுத்துரு போட்டுக் கொடுத்ததும் ஒரு பக்கம் திறந்தது. சின்ன வயதில் பிடித்த புத்தகங்களையும் அதில் வந்த பாத்திரங்களையும் பற்றி எங்கெங்கோ இருக்கும் தமிழர் பேசிக்கொள்ளும் இடம். ஒருவருக்குக் கோபக்காரக் கிளி, இன்னொருவருக்குப் பல்லுப் போன ராசா. அவள் சிரித்துச் சிரித்து வாசித்தாள். திடீரென்று சிரிப்பு நின்றது. அப்போதுதான் நான் எட்டிப் பார்த்தேன்.

“வழிப்போக்கன்” என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார்: “எனக்குப் பிடிச்சது குடை பிடிச்ச ஆமை. கடைசியில அது பாலத்தடிக்கு வர, நண்டு மறிச்சு பாஸ்* கேக்கும்.”

கீழே ஆளுக்காள் நக்கல். “அண்ணை, எந்த நண்டு? ஆமை நனைஞ்சு நனைஞ்சு வீட்டை போய்ச் சேரும், கதை முடிஞ்சுது.” “ஆள் வேற புத்தகத்தோட மாறாடுறார்.”

வழிப்போக்கனின் பதில் ஒரே வரி: “எங்கட புத்தகத்தில இருந்தது.”

(* பாஸ்: ஓரிடத்தை விட்டு வெளியேறவும் இன்னோரிடத்தில் தங்கவும் இரண்டு பக்கத்தாரும் கேட்ட அனுமதித் துண்டு. இதைத் தெரியாத வாசகர் கொடுத்து வைத்தவர்.)

3

“ஏன் என்ரை ஸ்கிரீனைப் பாக்கிறியள்? ஆரிட்டைப் போய்ச் சொல்லப் போறியள்?”

“நான் கதை எழுதிற ஆள், தங்கச்சி.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்.”

அன்றைக்கு அவ்வளவுதான். றிஃபாத் எனக்காகச் சாட்சி சொல்லி, அவள் இன்னொரு தரம் வந்த பிறகுதான் விசயம் வெளியே வந்தது. அவர்கள் வீட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. இடம்பெயர்ந்திருந்த கொட்டிலில் அவள் முடிவு கேட்டு அழ, பன்னிரண்டு வயது அண்ணன் சுதாகரன் தானே ஒரு முடிவு கட்டினான். நண்டு பாஸ் கேட்கிறது. ஆமை கைகாலை உள்ளே இழுத்துக்கொண்டு, “நான் ஒரு இடமும் போகேல்லை, என்ரை வீட்டுக்குள்ளைதான் இருக்கிறன்” என்கிறது. அந்த நண்டு இருவருக்கு மட்டும் தெரிந்த நண்டு.

சுதாகரன் தொண்ணூற்றொன்பதில் மருந்து வாங்க வவுனியாவுக்குப் போனவன். திரும்பவில்லை. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை.

(இந்த இடத்தில் சில வாசகர்கள் “ஆகா, அண்ணன் கிடைத்துவிட்டான்!” என்று எழும்புவார்கள். இருங்கள்.)

4

யோசித்து யோசித்து அவள் ஒரு வரி எழுதினாள். வேறு எவர் வாசித்தாலும் ஒன்றும் விளங்காத வரி: “எங்கட புத்தகத்திலயும் கடைசிப் பக்கம் இல்லை.”

அடுத்த முறை வந்தபோது பதில் கிடந்தது.

“நீங்கள் எந்த ஊர்?”

அவள் மவுசிலிருந்து கையை எடுத்தாள்.

“அண்ணா எண்டா ஊர் கேப்பாரோ?”

“நீங்கள் ஆரெண்டு அவருக்குத் தெரியாதெல்லோ,” என்றேன். “அவரும் பயப்பிடலாம்.”

“அண்ணாவோடை ஒரு இடத்தில அடைபட்டுக் கிடந்த ஆராவது எண்டால்? அண்ணாவை விசாரிச்சவை எண்டால்? நான் ஊரைச் சொல்ல, எங்கையோ பேர் மாத்தி இருக்கிறவரை நானே காட்டிக் குடுத்ததாப் போகாதே?”

றிஃபாத் கல்லாவிலிருந்து தலையை நீட்டினான். “எங்கட ஆக்கள் ஆரைக் கண்டாலும் முதல் கேக்கிறது ஊர்தானே, தங்கச்சி.”

“அதுதான், றிஃபாத் நானா, பயம். பிடிக்கிறவையும் அதைத்தான் முதல் கேக்கிறவை.”

ஒரு சொல் அடித்தால் அண்ணன் கிடைக்கலாம், அதே சொல்லால் அண்ணன் போகவும் கூடும். “யோசிச்சுப்போட்டு வாறன்” என்று எழும்பிப் போனாள்.

5

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

அ) கனடாவிலிருந்து தொலைபேசி அடிக்கிறது. ஞானேஸ்வரி ஓடி வந்து... [படத்துக்குச் சரி.]

ஆ) அவள் ஊரைச் சொல்கிறாள். மறுநாள் கடைவாசலில் ஒரு வாகனம்... [கை வரவில்லை.]

இ) வழிப்போக்கன் நான்தான். [சீ! ஆனால் நீங்கள் ஒரு கணம் நம்பியிருப்பீர்கள்.]

நடந்தது இதுதான்: அந்த ஆவணியில் பாதையைச் சாத்தினார்கள். அவள் திரும்ப வரவில்லை. பிறகு அந்தப் பக்கமும் இணையத்தில் இல்லாமல் போயிற்று. இது இரண்டாயிரத்து எட்டு. அவளுடைய ஊரில் ஆட்கள் இல்லை என்கிறார்கள். எந்த மரத்தடியில் இருக்கிறாளோ, எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்று யோசிக்கவென்று எழும்பிப் போகும்போது, கடைசியாக வாசலில் நின்று சொன்னாள்: “நீங்கள் எழுதத்தான் போறியள், முகத்தில தெரியுது. எழுதுங்கோ. அண்ணா எங்கையாவது வாசிப்பார். ஆமை என்ன சொன்னது எண்டு மட்டும் என்னட்டைக் கேக்காதேங்கோ.”

கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். கடைசிவரை என்னை நம்பவில்லை, நல்ல காலம்; நம்பியிருந்தால் அதையும் இங்கே எழுதித் தொலைத்திருப்பேன்.

ஆகவே மேலே ஆமை சொன்னதாக நான் எழுதிய வசனம் என்னுடைய சொந்தச் சரக்கு. பன்னிரண்டு வயதுப் பையன் அவ்வளவு கெட்டித்தனமாகக் கதைப்பானா? அங்கேயே நீங்கள் என்னைப் பிடித்திருக்க வேண்டும். பெயர்களும் பொய், ஊரும் பொய். நண்டு மட்டும் உண்மை.

ஆமை சொன்ன அந்த வரியை வாசித்தபோது “அது அப்பிடியில்லையே” என்று உங்களில் ஒருவருக்கு வாய்வரை வந்திருந்தால், மிச்சக் கதை உங்களுடையது. இந்த இதழின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். அது சரியோ பிழையோ என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். பாதை திறக்கிற அன்று கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஊரைச் சொல்ல வேண்டாம், பெயரும் வேண்டாம். ஆமை நண்டுக்கு என்ன சொன்னது?