மேசைக்கு வராதவர்

என் வீட்டில் தங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே துணித் தொழிற்சாலை ஆட்கள். அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் என் பொறுப்பு. அறைக்குள் சோறு போனால் எறும்பு வரும், அதனால் எல்லோரும் கீழே மேசையில்தான் சாப்பிட வேண்டும். இந்தச் சட்டத்தை மதிக்காதவர் கட்டிங் மாஸ்டர் ஒருவர்தான். கொஞ்ச நாளாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போக ஆரம்பித்திருந்தார்.

"வயிறு சரியில்லக்கா. மெதுவாத்தான் சாப்பிட முடியுது."

வயிறு சரியில்லாதவர் சூப்பைத் தொட மாட்டாராம். ரொட்டி, முட்டை என்று உலர்ந்ததாகவே கேட்பாராம். யாருக்குக் காது குத்துகிறார்? இன்னொரு வாய்க்குப் பங்கு வைக்கத் தோதான சாப்பாடு அதுதான். போதாக்குறைக்குப் படுக்கை விரிப்பைத் தினமும் தானே துவைத்துக் காயப்போட்டார். எந்த ஆம்பளை தினமும் விரிப்புத் துவைக்கிறான்? மேலே ஒருத்தியை ஒளித்து வைத்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றார். வீட்டையே தூக்கிக்கொண்டு போனாலும் திரும்பிப் படுக்கிற மனுஷன் அவர்.

ஞாயிறு மதியம் மேசையில் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தேன்.

"இன்னிக்குக் கையும் களவுமாப் பிடிக்கிறேன் பாருங்க. மேல ஆள் இருந்தா, மாஸ்டர் மூட்டை முடிச்சோட வெளியதான்."

அவர்களோடு என் வீட்டிலேயே தங்கியிருந்த சூப்பர்வைசர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

மாடியேறிப் போய், தட்டாமல் கதவைத் திறந்தேன். ஒருத்தியும் இல்லை. மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து, வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்தபடி, கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகப் போராடிக்கொண்டிருந்தார். பாதி முட்டை விரிப்பில் சிந்திக் கிடந்தது.

"கத்திரியப் பிடிச்சா கை நிக்குதுக்கா, கரண்டியப் பிடிச்சாத்தான் ஆடுது. சூப்பர்வைசர் பார்த்தா நாளைக்கே வேலைய விட்டு அனுப்பிடுவாரு. ஊர்ல மூணு புள்ளைங்கக்கா."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மூடி மறைத்திருந்த மனுஷனைச் சபையில் இழுத்து விட்டவளே நான்தானே.

கீழே வந்தேன். சூப்பர்வைசர் எழுந்தே நின்றிருந்தார்.

"என்னக்கா சமாச்சாரம்? நான் போய்ப் பார்க்கட்டுமா?"

"உட்காருங்க முதல்ல. மேல யாரும் இல்ல. என் சமையல் அவருக்கு வாயில வைக்க முடியலையாம். என் மூஞ்சிக்கு நேரா சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு மேல கொண்டுபோய்க் கொட்டுறாரு."

 சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்பாடா! இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் நாங்களும் முழிச்சிக்கிட்டு இருந்தோம்க்கா!"

மேசையே சேர்ந்து சிரித்தது. எனக்குத் தலை முதல் கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. மாடியில் கதவு மெல்லச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டு சூப்பர்வைசர் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறினேன்.