சட்டையின் இடது கை

1

ஒரு வெள்ளைச் சட்டையின் இடது கையைக் காணவில்லை. இந்தக் கதை அதிலிருந்துதான் கிளம்பியது. அந்தக் கை கிடைத்துவிட்டால் கதையே தேவையில்லை. கிடைக்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

அக்கா, எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் உன்னைப் படுக்க வைத்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் கதை கேட்கிறாய். "நடந்ததா நடக்காததான்னு மட்டும் சொல்லாத, அது என் பாடு" என்பது உன் நிபந்தனை. வழக்கம்போல நான் பேச, போன் எழுதிக்கொள்கிறது. நான் வேலை செய்யும் ராஸ்பெரிக் கிடங்கின் குளிரில் என் விரல் நுனிகள் வெடித்துப்போயிருக்கின்றன. தொடுதிரை அவற்றை விரலாகவே மதிப்பதில்லை. பாதியில் விட்ட வாக்கியங்களை அழிக்க வழியில்லை, அப்படியே கிடக்கும். தாண்டிப் போ.

முதல் தொடக்கம்: பனி மூடிய செர்பிய மலையில், ஒரு சிவப்புக் கார்

வேண்டாம். பனி இன்னும் விழவே இல்லை. வெறும் குளிர்.

இரண்டாம் தொடக்கம்: தெர்மோஸ்டாட் என்பது காருக்கு மனசாட்சி போல

இதுவும் வேண்டாம். மனசாட்சி எல்லாம் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளைக் கதவு. இன்ஜின் குளிர்ந்திருந்தால் மூடியிருக்கும். சூடேறியதும் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பி ஆறவைக்கும். எங்கள் வீட்டுக் காரில் அந்தக் கதவு திறந்தபடியே இறுகிப்போயிருந்தது. இன்ஜின் சூடேறாது, ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்றுதான் வரும். இந்த ஊரில் அதற்கு எல்லோரும் ஒரே வைத்தியம்தான் செய்வார்கள். ரேடியேட்டருக்கு முன்னால் ஓர் அட்டையைச் செருகிவிடுவார்கள். எங்கள் கார் போன குளிர்காலம் முழுக்க, கிடங்கிலிருந்து வந்த ராஸ்பெரிப் படம் போட்ட அட்டையை முகத்தில் ஒட்டிக்கொண்டு திரிந்தது.

2

எங்கள் கார் என்று சொல்லிவிட்டேன். கார் வோயினுடையது. என்னோடு கிடங்கில் வேலை செய்கிறவன், அங்கே எனக்கு வேலை வாங்கித் தந்ததும் அவன்தான். அவன் அம்மா தேசாங்காவின் வீட்டு மாடி அறையில்தான் நான் குடியிருக்கிறேன். காருக்கு ருமென்கா என்று பசுமாட்டின் பெயரை வைத்திருக்கிறார்கள். காலையில் கிளப்புவதற்கு முன் அதைத் தட்டிக்கொடுக்கவும் செய்வார்கள்.

வோயினின் மனைவி நெவேனாவுக்கு மலைக்குக் கீழே இருக்கும் உஜிட்சே ஊர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இன்று மதியம் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். பிறந்து சில நாளே ஆன குழந்தையைக் குளிர்காற்று ஊதும் காரில் மலை ஏற்ற முடியாது. அதனால் இன்று காலை முற்றத்தில் நானும் வோயினும் தெர்மோஸ்டாட் மாற்றினோம். இருவரும் வீடியோ பார்த்துப் படித்தவர்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போற சட்டையப் போட்டுக்கிட்டு யாராவது இன்ஜின்ல கை வைப்பானா?" என்றாள் தேசாங்கா.

"கழுத்து வரைக்கும் ஜாக்கெட் போட்டிருக்கேன்ல, விடும்மா."

"தலையில ஒண்ணுமில்ல. வேணி, நீயாவது துணி கட்டு. ஊதக்காத்து காதுல பூந்தா வாய் கோணிக்கும்."

"முத்தம் முழுக்கக் காத்துதானே பெரியம்மா."

"இது காத்து. நான் சொல்றது ஊதக்காத்து. இத்தன நாள் இருந்தும் உனக்கு வித்தியாசம் தெரியல." பிறகுதான் கீழே பார்த்தாள். "அது என்னது, என் மிளகாய்க் குண்டான்ல ரோஸ் தண்ணி?"

ரேடியேட்டரிலிருந்து வடித்த கூலன்ட், இன்ஜினை ஆறவைக்கும் தண்ணீர். விஷம். வோயின் என்னைப் பார்த்தான். நான் ஸ்பேனரைப் பார்த்தேன்.

"இனி அதுல மிளகாய் ஊறப்போட்டா நீங்க ரெண்டு பேரும்தான் திங்கணும்."

3

க்வோஸ்டெனை இந்தக் கதையிலிருந்து எடுத்துவிடப் பார்த்தேன். கதைக்குள் வரும்போதே சத்தமாக வருகிற ஆள், மற்றவர்களைப் பேசவிட மாட்டான். ஆனால் அவன் இல்லாவிட்டால் சட்டை கிழியாது.

வோயினின் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவன், நாளைக்கு இந்தக் குழந்தைக்குப் பெயர் வைக்கப்போகிறவன். இங்கே அந்த உறவுக்குக் கும் என்று பெயர், கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேல். ஒருவன் அப்பாவானால் சிநேகிதர்கள் வந்து அவன் போட்டிருக்கும் சட்டையைக் கிழிக்க வேண்டும். கிழிக்காவிட்டால்தான் வருத்தம். வோயின் இத்தனை நாளாக அவன் கண்ணில் படாமல் தப்பித்துவந்தான்.

ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, போல்ட்டுகளைத் திருகி எடுத்து, வாய் பிளந்தபடி இறுகியிருந்த பழைய தெர்மோஸ்டாட்டை வெளியே எடுத்த நேரத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்பனாயிட்டு கார் அடியில ஒளிஞ்சிருக்கான் பாரு."

"கும், இன்னைக்கு வேணாம். இத விட்டா எனக்கு வேற சட்ட இல்ல."

"அதுக்குத்தான் இன்னைக்கு வந்தேன்."

"கையில ஸ்பேனர் இருக்குடா."

"இருக்கட்டும். கிழிக்கிறது ஸ்பேனர இல்லையே."

ஜாக்கெட் பறந்தது. அதன் பிறகு கேட்ட சத்தத்தை எப்படி எழுதுவது? சர்ர் என்று எழுதினால் பட்டுப் புடவை மாதிரி இருக்கிறது. தடித்த பருத்திச் சட்டை, முதலில் அடம்பிடித்துப் பிறகு ஒரேயடியாகக் கிழிந்தது. தேசாங்கா உள்ளேயிருந்து ப்ளம் சாராயத்தோடு வந்தாள். மூன்று பேரும் குடித்தார்கள். வெற்று மார்போடு நடுங்கிக்கொண்டே வோயின் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் வேலையைப் பார்த்தேன். ஒரு கிழிசலை எடுத்து, கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட் ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டித் துடைத்தேன். ஹோஸின் வாயிலிருந்து கூலன்ட் சொட்டிக்கொண்டே இருந்தது. இன்னொரு கிழிசலைச் சுருட்டி அதற்குள் அடைத்தேன்.

அடைத்தது நான். ஹோஸைத் திரும்ப மாட்டும் முன்னால் அதை எடுத்தது

எடுத்தது

4

புதுசை வைத்து, போல்ட்டுகளை இறுக்கி, கூலன்ட் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டோம். ஹீட்டரில் சூடான காற்று வந்தது. க்வோஸ்டென் அந்த ஹோஸைத் தொட்டு, "சுடுது" என்றான். அட்டையைப் பிடுங்கி அடுப்பில் போட்டான். வோயின் ஒரு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மலையிறங்கிப் போனான். க்வோஸ்டென் விறகு வெட்டக் காட்டுக்குப் போனான். அங்கே சிக்னல் கிடையாது.

* இந்தக் குறிப்பு உனக்கு: ரேடியேட்டரை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. ஹோஸுக்குள் துணி அடைத்துக்கொண்டிருந்தாலும் ஹோஸின் இன்ஜின் பக்கம் சுடத்தான் செய்யும். ஹீட்டருக்கு வேறு வழி, அதுவும் நன்றாகவே வேலை செய்யும். தண்ணீர் மட்டும் ரேடியேட்டருக்குப் போகாது. இறக்கத்தில் ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் கொதிக்கும். வீடு திரும்பும் வழி முழுக்க ஏற்றம்.

இதெல்லாம் எனக்கு உறைத்தது, தேசாங்கா ஜன்னல் துடைக்க அந்தக் கிழிசல்கள் வேண்டும் என்று கேட்டபோதுதான். நல்ல பருத்தியாம். பொறுக்கிவந்து பெஞ்சின் மேல் பரப்பினேன். கை சும்மா இருக்காமல் சட்டையாகவே அடுக்கினேன். காலர், முதுகு, முன்பக்கம் இரண்டும், வலது கை. இடது பக்கம் காலி. ஹோஸில் அடைத்தது அதுவாக இருந்தால், திரும்ப எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

க்வோஸ்டென் ஒரு கிழிசலை ருமென்காவின் ஏரியலில் கொடி மாதிரி கட்டப்போவதாகச் சொன்னான். கட்டினானா? கார் கிளம்பும்போது நான் குண்டானைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"பெரியம்மா, கார் போறப்ப ஏரியல்ல துணி இருந்துச்சா?"

"நான் என் பையன் முகத்தப் பாப்பேனா, கம்பியப் பாப்பேனா?"

விஷயத்தைச் சொன்னேன். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அவனக் கூப்பிட்டுக் கேக்கட்டா?"

"பிள்ளையத் தூக்கிட்டு வீட்டுக்கு வர்றவன வழியில நிறுத்துறது நல்லதில்ல. என் மாமியா சொல்லிருக்கா."

"உங்க மாமியாகிட்ட கார் இருந்துச்சா?"

"மாட்டு வண்டி. அதையும் நிறுத்தல."

சற்று முன் வோயினிடமிருந்து செய்தி வந்தது: "வந்து சேந்துட்டேன். உள்ள அடுப்பு மாதிரி சூடு. வேணி, நீ தங்கம்."

அடுப்பு மாதிரி. இதைவிடப் பயங்கரமான பாராட்டை நான் வாங்கியதில்லை. ஹீட்டர் நன்றாக இருப்பதாலும் அப்படி இருக்கலாம். இன்ஜின் ஆறாமல் இருப்பதாலும் இருக்கலாம்.

5

உனக்கு மூன்று முடிவுகள் யோசித்து வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று. வளைவில் ருமென்கா தெரிகிறது. ஏரியலில் வெள்ளைச் சட்டைக் கை படபடக்கிறது. நான் வாசலில் நின்று சிரிக்கிறேன். (உன் உடம்புக்கு இதுதான் நல்லது.)

முடிவு இரண்டு. பாதி மலையில் வெள்ளையாக ஆவி. வோயின் இன்ஜினை அணைத்துவிட்டு நெவேனாவைத் தன் ஸ்வெட்டரால் போர்த்துகிறான். குழந்தை. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே

இதை உனக்குச் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன். அழிக்க முடியவில்லை.

முடிவு மூன்று. மாலையில் க்வோஸ்டென் விறகோடு இறங்கி வருகிறான். சட்டையின் இடது கையைத் தன் கழுத்தில் மஃப்ளர் மாதிரி சுற்றியிருக்கிறான். எல்லோரும் எப்போதோ வீடு வந்து சேர்ந்தாயிற்று. வாசலில் நின்றபடி நான் அழுகிறேன், ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

மூன்றாவதுதான் அழகாக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துத் திரும்பச் சொல்லிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மூன்று முடிவிலும் நான் வாசலிலேயே நிற்கிறேன். கதை எழுதுகிறவள் நிற்கலாம். ஹோஸில் துணியை அடைத்தவள் நிற்கலாமா?

கூப்பிட்டால் என்ன ஆகும்? ஏரியலில் துணி இல்லை என்று அவன் சொன்னால், ஆஸ்பத்திரி வாசலில், பூச்செண்டும் உறவுமாக நிற்கும் இடத்தில், அவன் பானெட்டைத் திறந்து, சூடான ஹோஸ் ஆறும்வரை காத்திருந்து, கழற்றிப் பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால், நல்ல நாளைக் கெடுத்த வெளியூர்க்காரி நான். தேசாங்கா ஒரு மாதம் பேச மாட்டாள். ஊரெல்லாம் க்வோஸ்டென் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். இதற்குப் பயந்துதான் இவ்வளவு நேரம் உன்னிடம் பேசிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. தொடக்கத்துக்கு இரண்டு தடவை முயன்றதும் அதனால்தான்.

இப்போது இன்னொரு செய்தி: "பாப்பாவக் குடுத்துட்டாங்க. நெவேனா செருப்பு மாத்துறா. கிளம்புறோம்."

தேசாங்கா அடுப்பின் பக்கமிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மிளகாய்க் குண்டான் கவிழ்ந்து கிடக்கிறது. பெஞ்சில் ஒரு கை இல்லாத சட்டை.

அக்கா, இந்த முடிவை உன்னிடமே விட்டுவிடுகிறேன். மூன்றில் எது வேண்டுமோ எடுத்துக்கொள், வேறு ஒன்று தோன்றினால் அதையும் வைத்துக்கொள். கதையையும் அழைப்பையும் ஒரே நேரத்தில் இந்தப் போன் தாங்காது. ஒன்றை நிறுத்தினால்தான் இன்னொன்று போகும். வோயினின் எண் மேலேயே இருக்கிறது, என் விரலை இந்தத் திரை இந்த ஒரு தடவையாவது விரலாக ஒத்துக்கொண்டால்