இரண்டாவது சம்ப்

புருஷனின் காது மடலுக்குள் காய்ந்து ஒட்டியிருந்த சிமெண்டைப் பாஞ்சாலி நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கழுத்துவரை வெள்ளைத் துணி சுற்றிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கென்று மிஞ்சியது முகம் மட்டும்தான். நெற்றியைத் துடைத்தாள், புருவத்தைத் துடைத்தாள், மறுபடியும் காதுக்கு வந்தாள்.

"வுடு பாஞ்சாலி. மாலை போட்டா அதெல்லாம் யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் மேஸ்திரி ராஜகோபால். பந்தலுக்குள் குனிந்து வந்து அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் மேஸ்திரி."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பேப்பர்காரங்க, சங்கத்து ஆளுங்க யாராச்சும் வந்து கேப்பாங்க. முனியன் கொஞ்சம் போட்டிருந்தான், தடுமாறி உள்ள வுழுந்துட்டான்னு சொல்லிடு. எதுக்கு வம்பு? ஓனர் உங்கள கைவுட மாட்டாரு. ஆடிக் கிருத்திகைக்குள்ள லாட்ஜ தெறக்கணும்னு அவரும் தவிச்சிகினு கீறாரு."

பாஞ்சாலி கை நிற்கவில்லை. "அவரு குடிக்கவே மாட்டாருன்னு நான் எங்கியும் சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கெழமையானா குடிப்பாரு, எங்கிட்ட திட்டும் வாங்குவாரு. நேத்து குடிக்கல. என் கையால கூழு ஊத்திக் குடிச்சிட்டு, என்னத்தான் வண்டில பின்னாடி ஒக்கார வெச்சி இட்டுகினு வந்தாரு. நான் அங்கதான் மணல் சலிச்சிகினு இருந்தேன். யாருகிட்ட இன்னா கதை சொல்றீங்க?"

ராஜகோபால் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வெளியே போனார்.

மலையடிவாரத்து ரோட்டில் எழும்பிக்கொண்டிருக்கும் அந்த லாட்ஜில் தண்ணீருக்காகத் தரைக்கு அடியில் இரண்டு சம்ப்கள் கட்டியிருந்தார்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. மேலே கான்கிரீட் போட்டு, உள்ளே பலகையும் முட்டும் கொடுத்து, ஆள் இறங்கும் வாயை மூடிப் பல வாரங்கள் ஆகியிருந்தன. நேற்று முன்பக்கத்துச் சம்ப்பின் பலகையைப் பிரிக்க வேண்டியிருந்தது. உள்ளே அடைந்து கெட்டுப்போன காற்றை வெளியேற்றக் காற்று ஊதும் மிஷின் எங்கே என்று முனியன் கேட்டான். கனகம்மாசத்திரத்தில் நடக்கும் இன்னொரு கட்டட வேலையில் கிடக்கிறது, நாளைக்கு வரும் என்றார் இன்ஜினீயர். அப்படியானால் நாளைக்கே பிரிக்கலாம் என்றான் முனியன். எத்தனை சம்ப் பிரித்திருக்கிறோம், எதற்கு இதெல்லாம் என்று மேஸ்திரி, முனியனோடு பலகை வேலை செய்யும் கதிரவனை இறக்கிவிட்டார்.

கதிரவனின் சுத்தியல் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. முனியன் வாயருகே மண்டியிட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பதில் இல்லாததும் சட்டென்று இறங்கிவிட்டான். கதிரவனைத் தோளில் ஏந்தி அவன் மேலே தள்ள, நின்றவர்கள் கதிரவனின் தலைமயிரையும் சட்டையையும் பற்றி வெளியே இழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு முனியனின் கை ஒன்று விளிம்புக்கு வந்தது. பாஞ்சாலி சல்லடையைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் அந்தக் கை விரல் விரலாக வழுக்கி உள்ளே போனது. அவளும் இறங்கப் போனாள். நாலைந்து பேர் அவளைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். முகமூடி மாட்டிய தீயணைப்புக்காரர்கள் வந்துதான் அவனை எடுத்தார்கள். உள்ளே கணுக்கால் நனைகிற தண்ணீர்கூட இல்லை.

பறை அடிப்பவர்கள் தெருவில் தீ மூட்டிப் பறையின் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் பின்னால் மின்கம்பத்தை ஒட்டி ஒருவன் நிற்பதைப் பாஞ்சாலி பார்த்தாள். கதிரவன். புறங்கையில் ஊசி குத்திய இடத்துப் பிளாஸ்திரியோடு, ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லாமல் கிளம்பி வந்திருந்தான். முனியனைவிடப் பத்து வயது இளையவன், இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. பந்தல் பக்கம் வர அவனுக்குக் கால் எழவில்லை.

"உள்ள வாடா" என்று கத்தினாள். "அவரு இன்னா உன்ன கடிச்சிடுவாரா?"

வந்து முனியனின் காலடியில் விழுந்தான். வெகுநேரம் எழவில்லை. பாஞ்சாலி அவன் முதுகில் கை வைத்தாள். மூச்சு ஏறி இறங்குவது உள்ளங்கையில் தெரிந்தது. அதை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"எங்கிட்டயும் அப்படித்தான் சொல்லச் சொன்னாருக்கா" என்றான். "அண்ணன் போட்டிருந்தாருன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. எழுந்து வந்துட்டேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அக்கா, வர்ற வழில லாட்ஜாண்ட பாத்தேன். போலீஸ்காரங்க முன்னாடி சம்ப்ப சுத்திதான் கயிறு கட்டிகீறாங்க. பின்னாடி சம்ப்ப யாருமே கேக்கல. நம்ம ஆளுங்க எல்லாம் சாவுக்கு வந்துட்டாங்க இல்ல, அதனால வடக்கத்தி ஆளுங்க ரெண்டு பேர இன்னிக்கு அதுல எறக்கப் போறாங்க."

"மிஷின் வந்துடுச்சா?"

கதிரவன் தலையை மட்டும் ஆட்டினான். இல்லை.

பாஞ்சாலி வாசலைப் பார்த்தாள். ராஜகோபாலைக் காணவில்லை.

அதற்குப் பிறகு சடங்குகள் எதிலும் அவள் அழவில்லை. முகம் முழுக்க மஞ்சள் பூசினார்கள், பெரிய பொட்டு வைத்தார்கள், தலை கொள்ளாமல் பூ வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொள்ளிச்சட்டியை யார் எடுப்பது என்று பங்காளிகள் பேச்செடுத்தபோது, "நைனாவுக்கு நான்தான் எடுப்பேன்" என்றாள் மகள் அம்மு. ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிற பெண், யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்கவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

முச்சந்தியில் பெண்கள் நின்றார்கள். பாஞ்சாலி நிற்கவில்லை.

தம்பி தணிகைவேல் பாடையின் முன்கொம்பைத் தோளில் தாங்கியபடியே திரும்பினான். "அக்கா, பொம்பளைங்க இத்தோட நிக்கணும்."

"நிக்கறவங்க நிக்கட்டும். நீ நட."

ரோட்டில் காவடிக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. ஆந்திரா பஸ்ஸிலிருந்து இறங்கிய மொட்டைத் தலைகள், சந்தனம், மயிலிறகு. பாடையைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். லாட்ஜின் கேட்டுக்கு நேரே வந்ததும் பாஞ்சாலி கையை உயர்த்தினாள்.

"எறக்கு."

"இங்கியா?"

"ஆங், இங்கதான். எறக்குடா."

பறை நின்றது. அவள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கட்டடத்தின் பக்கவாட்டுச் சந்து வழியே நேரே பின்பக்கம் ஓடினாள். பூ உதிர்ந்துகொண்டே வந்தது. பின்பக்கத்துச் சம்ப்பின் மூடி திறந்திருந்தது. ஒருவன் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் உள்ளே தொங்கவிட்டிருந்தான். இன்னொருவன் கடப்பாரையை வைத்துக்கொண்டு நின்றான். சற்றுத் தள்ளி மேஸ்திரியும் இன்ஜினீயரும்.

பாஞ்சாலி உட்கார்ந்திருந்தவனின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவன் மல்லாக்கச் சரிந்து, மஞ்சள் அப்பிய அந்த முகத்தைப் பார்த்து மிரண்டு போனான். அவளுக்கு இந்தி தெரியாது. தன் மூக்கையும் வாயையும் பொத்திக் காட்டினாள். சம்ப்பைக் காட்டினாள். பிறகு சந்து வழியே தெரிந்த, கேட்டுக்கு வெளியே ரோட்டில் கிடந்த பாடையைக் காட்டினாள். அவன் பார்த்தான். ஒவ்வொரு காலாக வெளியே எடுத்துக்கொண்டான்.

"ம்மா, வெளியில போங்க. இப்படியெல்லாம் உள்ள வரக்கூடாது" என்றார் இன்ஜினீயர்.

"போறேன் சார். மிஷின் வரட்டும். வந்து ஓடட்டும். அப்புறம் போறேன்."

"அது கனகம்மாசத்திரத்துல கீது..."

"நேத்தும் அங்கதான இருந்துச்சி? இன்னா தூரம்? நேத்தே வந்திருந்தா எம்புருஷன் வண்டிய எடுத்துகினு வூட்டுக்கு வந்திருப்பாரு."

ராஜகோபால் பல்லைக் கடித்தார். "பொணத்த நடுரோட்டுல போட்டுகினு நாயம் பேசறியா? நேரம் ஆவுது. அவனுக்கு நல்லபடியா செய்ய வேணாமா?"

"அவரு இருப்பாரு மேஸ்திரி. இனிமே அவருக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

ரோட்டில் வண்டிகள் தேங்கின. ஓனர் போனில் இன்ஜினீயரைப் பிடித்துக் கத்துவது பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. திறக்கப்போகிற லாட்ஜ் வாசலில் பாடை கிடந்தால் எவன் ரூம் எடுப்பான் என்பதுதான் அவர் கவலை. திருவிழாக் கூட்டத்தைச் சமாளிக்க வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முதலில் தணிகைவேலிடம் போனார்.

"தூக்குய்யா. டிராஃபிக்க பாரு."

தணிகைவேல் சந்து வழியே அக்காவைப் பார்த்தான். அவள் சம்ப்பின் வாயை மறித்துக்கொண்டு நின்றாள். அவன் பாடையின் பக்கத்திலேயே தார் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா சொல்லாம பாவாவ தூக்க மாட்டேன் சார்."

கதிரவன் அவனருகில் உட்கார்ந்தான். "நேத்து உள்ள போனவன் நான்தான் சார்" என்றான், யாரும் கேட்காமலே. "அண்ணன் குடிக்கல. என்ன தூக்கத்தான் எறங்கினாரு. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்." பலகை அடிக்கும் சென்ட்ரிங் ஆட்கள் ஒருவர்பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். பறை அடிப்பவர்களும் உட்கார்ந்தார்கள். அம்மு மட்டும் கொள்ளிச்சட்டியோடு நின்றாள். புகை கண்ணில் அடித்தும் முகத்தைத் திருப்பவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தார். பிறகு இன்ஜினீயரிடம் திரும்பினார். "அந்த மிஷின வரச் சொல்லுய்யா. இப்பவே."

லோடு ஆட்டோ வந்து சேர்ந்தபோது வெயில் மலைக்கு அந்தப் பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. மிஷினோடு ஒரு பெட்டியும் வந்தது. காற்றை அளக்கிற மீட்டர். வாங்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. இன்ஜினீயர் அதை நகத்தால் கிழிக்கப் பார்த்தார், வரவில்லை. பாஞ்சாலி கையை நீட்டினாள். வாங்கிப் பல்லால் கடித்துக் கிழித்துத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

காற்று வெளியேற, அந்தச் சம்ப்பின் மறுமுனையில் மூடியிருந்த இன்னொரு வாயையும் திறக்க வைத்தாள். மஞ்சள் நிறக் குழாய் உள்ளே இறங்கியது. மிஷின் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

"அவங்க எறங்கும்போது இடுப்புல கயிறு கட்டணும். மேல ஆளு நிக்கணும்" என்றாள்.

"சரிம்மா" என்றார் இன்ஜினீயர்.

அவள் கேட்டுக்கு வந்தாள். முனியனின் முகத்தருகே குனிந்தாள். விலகியிருந்த மாலையைச் சரி செய்தாள். கன்னத்தில் ஒருமுறை கையை வைத்து எடுத்தாள்.

"தூக்குங்க."

எல்லோரும் எழுந்தார்கள். அம்மு அவள் வந்து சேர்ந்துகொள்வாள் என்று காத்திருந்தாள்.

"வாம்மா."

"நீ போ. நைனாவ நீ பாத்துக்கோ. மாமா கூடவே இரு."

"நீ?"

"நான் போனா மிஷின நிறுத்திடுவாங்க. நான் இங்க பாத்துக்கறேன்."

அம்மு சட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பறை மறுபடியும் எழுந்தது. சுடுகாடு இருக்கும் நந்தியாற்றுப் பக்கம் திரும்பும் வளைவுவரை பாடையின் பூக்கள் தெரிந்தன.

பாஞ்சாலி பின்பக்கம் போனாள். மேஸ்திரி விலகி நின்றார். வடக்கத்தி ஆட்கள் இருவரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவள் இன்னொரு வாயின் ஓரத்தில், ஜல்லிக் குவியலில் சாய்ந்து உட்கார்ந்தாள். உள்ளே பல வாரம் அடைந்து கிடந்த காற்று, ஊறிய மரத்தின் புளித்த வாடையோடு அந்த வழியாக மேலே வந்துகொண்டிருந்தது. அது அவள் முந்தானையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் அதை இழுத்துச் செருகிக்கொள்ளவில்லை.